ருசுக்காரரும் இருட்டு வெளிச்சமும்

உலகத்தில் பேசுகிறவர்கள், கேட்கிறவர்கள், கேட்பதுபோல் தூங்குகிறவர்கள் என்று மூன்று வகை மனிதர்கள்தான் உண்டென்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நாலாவதாக, எதற்கும் ருசு, அதாவது அத்தாட்சி, வைத்திருக்கிற ஒரு வகை இருக்கிறது. ருசுக்காரர்.

இவர் எதையும் சும்மா சொல்ல மாட்டார். மாமியார் பொல்லாதவள் என்று நாமெல்லாம் வாயால் சொல்லிவிட்டுப் போகிறோம். ருசுக்காரர் அப்படிப் போக மாட்டார். அவள் அரிசியோடு சேர்த்து அனுப்பிய கல்லையெல்லாம் ஒரு வருஷம் பொறுக்கிப் பொட்டணத்தில் முடிந்து வைத்திருந்து, நாலு ஊர் உறவுக்காரர்கள் இலையில் உட்கார்ந்திருக்கிற கல்யாணப் பந்தியில், சரியாகப் பாயசம் வருகிற நேரத்தில் அவிழ்த்துக் காட்டுவார். "நானா சொல்றேன்? கல்லு சொல்லுது" என்பார். ருசுக்காரருக்குத் தீர்ப்பு முதலில் வந்துவிடும். வழக்கு அப்புறம் வரும். சாட்சியைத் தேடிக்கொண்டு அவர் கடைசியில்தான் புறப்படுவார். ஆனால் வெறுங்கையோடு திரும்ப மாட்டார். இதுவரை எந்த ருசுக்காரராவது தேடிப் போய், "நான் நினைத்தது தப்பு" என்று திரும்பி வந்ததுண்டா? நீங்கள் பார்த்ததுண்டா?

இந்த இனத்தில் கடுதாசி வைத்திருக்கிறவர் உண்டு, ஜாதகம் வைத்திருக்கிறவர் உண்டு, செத்துப்போன ஆள் சொன்னதைச் சாட்சியாக வைத்திருக்கிறவர்கூட உண்டு. அத்தனை பேருக்கும் மேலே ஒருவர் இருந்தார். அவரிடம் கிருமி பார்க்கிற, குழாய் வைத்த பூதக்கண்ணாடி இருந்தது. அதன் தலைமேல் படம் பிடிக்கிற பெட்டியும் இருந்தது.

தேவசகாயம் என்று பேர். யார் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டுமென்றால், செஞ்சி ரோட்டில் மளிகைக் கடை வைத்திருந்த செபஸ்தியானுக்கு இரண்டு தாரம். மூத்தவள் பேறுகாலத்தில் போய்ச் சேர்ந்தாள். இளையவளுக்கு மூன்று தம்பிகள். ஒருவன் பினாங்குக்குக் கப்பல் ஏறினான். இன்னொருவன் சாமியார் மடத்தில் சமையலுக்குப் போனான், அங்கேயே பருத்தான். மிச்சம் இருந்தவர்தான் தேவசகாயம். விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் குமாஸ்தா. இருபத்தேழு வருஷம் மல்லாட்டை மூட்டைக்கும் மாம்பழக் கூடைக்கும் நடுவில் உட்கார்ந்து உத்தியோகம் பார்த்தார். கூடையில் பத்துப் பழம் குறைந்தால் எலி கடித்ததற்கு ருசு வைத்திருப்பார். எலி கடித்த கூடை, எலி விட்டுப்போன மயிர், எலி ஓடிய திசை, எல்லாம் தயார். மாம்பழ வாசனை எலியின் வாயில் வீசியதா, குமாஸ்தாவின் வாயில் வீசியதா என்று அந்தக் காலத்தில் யார் முகர்ந்து பார்த்தார்கள்?

பூதக்கண்ணாடி அவருக்கு வந்த விதமும் ரயில் வழிதான். ஆள் வந்து வாங்காத பார்சல்களை ரயில்காரர்கள் ஏலம் விடுவார்கள். பித்தளைக் கைப்பிடி போட்ட ஒரு மரப்பெட்டி மூன்று வருஷம் கிடந்தது. தூக்கினால் கனம், ஆட்டினால் சத்தமில்லை. தையல் மிஷின் என்று தேவசகாயம் முடிவு கட்டிவிட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவி செபஸ்தியம்மாள் முன்னால் திறந்தார். உள்ளே குழாயும் திருகுமாக ஒரு பித்தளைச் சாமான் பஞ்சு மெத்தையில் படுத்திருந்தது. பெட்டியின் இன்னொரு தடுப்பில் அதே பஞ்சுக்குள் செருகினபடி, ரெண்டு விரல் அகலத்தில் கண்ணாடிச் சில்லுகள்.

அந்தம்மாள் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏங்க, இதுல எந்தப் பக்கம் நூல் கோக்கறது?" என்று கேட்டாள்.

அன்றைக்கு அவள் முகம் வாடியது. சாகிற வரைக்கும் அந்தப் பெட்டியை அவள் மன்னிக்கவில்லை.

உத்தியோகம் முடிந்து, திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் நடுவில் ரயில் சத்தம் கேட்கிற தூரத்திலிருந்த சொந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். ஊரில் மாதா கோயில் ஒன்று, சாமியார் ஒருவர், தெரு இரண்டு. இவர் மேலத் தெரு. திண்டிவனத்தில் படக்கடைக்காரர் ஒருவர் கழித்துக் கட்டிய பழைய பெட்டியை வாங்கி, பூதக்கண்ணாடியின் உச்சியில் தலைகீழாக நிற்க வைத்து, தச்சனை விட்டுச் சட்டம் அடித்துக்கொண்டார். அதற்கப்புறம் ஊருக்கு நிம்மதி போயிற்று.

உச்சிவெயில் தெற்குச் சன்னலுக்கு வருகிற நேரம் பார்த்து ஆரம்பிப்பார். அடியிலிருக்கிற வட்டக் கண்ணாடியைத் திருப்பி வெயிலைப் பிடித்துக் குழாய்க்குள் அனுப்புவார். கறுப்புத் துணியைத் தலைமேல் போர்த்துக்கொண்டு குனிவார். அந்த நேரத்தில் தெருவில் வண்டி ஓடக் கூடாது, வீட்டில் உலக்கை விழக் கூடாது, செபஸ்தியம்மாள் தும்மக் கூடாது. தரை அதிர்ந்தால் படம் கலைந்துவிடும். படம் விழுகிற கண்ணாடிப் பிளேட்டு எத்தனை நேரம் வெளிச்சம் குடிக்க வேண்டும் என்பதற்குக் கடிகாரம் கிடையாது. ஜெபம்தான் கணக்கு. வெள்ளை வெளிச்சம் என்றால் ஒரு பரலோக மந்திரம். மங்கின வெளிச்சம் என்றால் ஜெபமாலையில் பத்து மணி. துணிக்குள்ளிருந்து முணுமுணுப்பு மட்டும் வெளியே கேட்கும். சாகக் கிடக்கிற யாருக்கோ சாமியார் அவஸ்தை பூசுகிறார் என்று நினைத்து, வழியில் போகிறவர்கள் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டுப் போவார்கள்.

வெளிச்சத்தில் அவர் ஒரு வித்தை கண்டுபிடித்து வைத்திருந்தார். வேறு தேசத்தில் வேறு யாராவது முன்னமே கண்டுபிடித்திருக்கலாம். அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. செப்புக் காசு ஒன்றை அளவு வைத்துக் கறுப்புக் காகிதத்தை வட்டமாக நறுக்கி, சாமானின் வயிற்றுக்கு அடியில் ஒட்டிவிடுவார். நடுவில் நேராக ஏறி வருகிற வெளிச்சம் அடைபட்டுப்போகும். ஓரத்திலிருந்து சாய்ந்து வருகிறது மட்டும் பொருள்மேல் பட்டுத் தெறிக்கும். கூரை ஓட்டை வழியாக விழுகிற வெயில் கம்பியில், மற்ற நேரம் கண்ணில் படாத தூசெல்லாம் பறப்பது தெரிகிறது அல்லவா, அதே கதை. சுற்றிலும் அமாவாசை, நடுவில் கிடக்கிற அற்பத் துரும்பு விடிவெள்ளி மாதிரி ஜொலிக்கும். இதற்கு 'இருட்டு வெளிச்சம்' என்று பேர் வைத்தார்.

அதோடு விட்டாரா? ஒரு ஐப்பசிப் புயலில் கோயிலின் மேற்குச் சன்னல் உடைந்தபோது, வண்ணக் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கி வைத்திருந்தார். சூசையப்பர் அங்கியிலிருந்து மஞ்சள். மாதா மேலாடையிலிருந்து நீலம். தேவதூதரான சம்மனசின் காலில் மிதிபட்டுக் கிடந்த பிசாசின் நாக்கிலிருந்து சிவப்பு. எந்தத் துண்டை வெளிச்சத்தின் வழியில் செருகுகிறாரோ அந்த வண்ணத்தில் பொருள் எரியும். உறவுக்காரர் யாராவது வந்தால் அவர் வீட்டு மோரில் ஒரு சொட்டைப் பிசாசின் நாக்கு வழியாகக் காட்டுவார். வந்தவர் மோர் சாப்பிடுவதை விட்டுவிடுவார். தேவசகாயத்தின் வீட்டு மோரைக் காட்டும்படி யாராவது கேட்டால் மாதாவின் மேலாடை வரும், காகித வட்டம் போகும். வானம் மாதிரி நீலம். ஒன்றுமே இருக்காது.

சிவப்பில் ஒருமுறை படமும் பிடித்தார். பிளேட்டுக்குச் சிவப்பு கண் தெரியாது என்று பிளேட்டு வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே அச்சடித்திருந்தது. ஆனால் அது இங்கிலீஷில் இருந்தது. இவருடைய இங்கிலீஷ் பார்சல் ரசீதோடு நின்றுவிட்டது. ஜெபமாலை முழுக்க உருட்டியும் படம் கரிப்பலகை மாதிரி வந்தது. வேறு ஆளாக இருந்தால் தூக்கி எறிந்திருப்பார். இவர் சட்டம் போட்டு மாட்டி, கீழே எழுதினார்: 'வெளிச்சத்துக்குப் பயந்து கிருமிகள் ஓடிப்போன இடம்.'

சிரிக்கிற மட்டும் சிரித்துக்கொள்ளுங்கள். இனிமேல் கொஞ்சம் கசக்கும்.

உலகச் சண்டை வருவதற்கு முந்தின வருஷம் ஜில்லா போர்டார் அந்த ஊரில் ஒரு கிணறு வெட்டினார்கள். கோயிலுக்குப் பக்கத்து மேட்டில் வெட்டினது கீழத் தெரு ஆட்கள். பாறையை உடைத்தது அவர்கள், மண் சுமந்தது அவர்கள் வீட்டுப் பெண்கள். தண்ணீர் வந்தது, இளநீர் மாதிரி வந்தது. பொதுக் கிணறு, எல்லாரும் எடுக்கலாம் என்று போர்டு உத்தரவும் வந்தது. அதுவரைக்கும் கீழத் தெருவுக்குத் தண்ணீர் ஒரு மைல் தள்ளி ஏரியில்; கோடையில் ஊற்றுத் தோண்டி, தேங்காய் ஓட்டால் மொண்டு ஊற்றினால், ஒரு குடம் நிறைய அரை நாழிகை ஆகும். அந்தத் தெருவில் சவுரியம்மாள் என்று ஒருத்தி. அவளுடைய மருமகள் ஞானமேரிக்கு அப்போது ஏழு மாசம். ஏற்கெனவே அந்த மைல் வழியில் குடத்தோடு விழுந்து ஒன்று போயிருந்தது. இந்தத் தடவையும் அந்த வழியில் நடக்க விடக் கூடாது என்பது ஒன்றுதான் சவுரியம்மாளின் நினைப்பு.

மேலத் தெருவுக்கு இந்த உத்தரவு தொண்டையில் நின்றது. 'அவர்கள் எடுக்கக் கூடாது' என்று பச்சையாகச் சொல்லவும் வழியில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் எல்லாரும் சகோதரர்கள் என்று சாமியார் பிரசங்கம் வைக்கிறார். தேவசகாயத்தின் பாட்டனும் சவுரியம்மாளின் பாட்டனும் ஒரே நாளில், ஒரே வெள்ளைக்காரச் சாமியார் கையால், ஒரே தொட்டித் தண்ணீரில் ஞானஸ்நானம் வாங்கினவர்கள். தலையில் விழுகிற தண்ணீர் பொதுவாக இருக்கலாம், குடத்தில் விழுகிற தண்ணீர் இருக்க முடியுமா? அந்த வருஷம்தான் மேலத் தெருவுக்குச் சுகாதாரம் என்ற சொல் தெரிய வந்தது. அவர்கள் பானை பட்டால் தண்ணீரில் புழு வைக்கும் என்று பேச்சுக் கிளம்பியது. பேச்சு இருந்தால் போதுமா? ருசு வேண்டாமா?

தேவசகாயம் மீசையைத் தடவிக்கொண்டார். இருபத்தேழு வருஷ உத்தியோகத்தில்கூட ஊர் அவரை இப்படித் தேடி வந்ததில்லை.

நியாயமாகத்தான் செய்தார். அவரைப் பொறுத்தவரை ரொம்ப நியாயம். புதுக் கிணற்றிலிருந்து ஒரே வாளித் தண்ணீர் எடுக்கச் சொன்னார். பாதியை அவர் வீட்டுப் பித்தளைப் பானையில் ஊற்றினார்கள். மீதியை, கைக்கும் பானைக்கும் ஒரு முழம் இடைவெளி விட்டு, உயரத்திலிருந்து சவுரியம்மாளின் மண்பானையில் ஊற்றினார்கள். ஒரு ராத்திரி இரண்டும் ஊறட்டும் என்றார். மறுநாள் உச்சியில் சவுரியம்மாள் பானையோடு வந்தாள்.

"அங்கயே நில்லு சவுரி. படி ஏறாத."

"நிக்கறேங்க அய்யா."

பெட்டியிலிருந்து ஒரு கண்ணாடிச் சில்லை உருவிக் கீழ்ப்படியில் வைத்துவிட்டு, இவர் நாலு அடி பின்னால் போனார். "அது மேல ஒரே ஒரு சொட்டு உடு. ஜல்தி. வெயிலு போய்டும்."

அவள் சில்லை ஓரத்தில் பிடித்துத் தூக்கி வெயிலுக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தாள். "இதுல பஞ்சு ஒட்டிக்கினு கீதுங்களே அய்யா. ஸ்பிரிட்டுல கழுவி, பழைய மல்லுத் துணியில தொடைக்கணும்ங்க. நான் வேணா தொடைச்சித் தரட்டா?"

"நீ தொடைப்பியா? நீ கைவச்சித் தொடைச்சா அப்புறம் ருசு எங்க நிக்கும்? சொன்னத செஞ்சிட்டுத் தள்ளிப் போ."

கண்ணாடி துடைக்கிற சங்கதி இவளுக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். புருஷன் செத்தபிறகு பன்னிரண்டு வருஷம் விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் அவளுக்கு இதே வேலை. காய்ச்சல்காரர்களின் ரத்தம் பார்க்கிற அறையில், இதே மாதிரிச் சில்லுகளைக் கழுவிக் கழுவி விரல் நுனி வெளுத்தவள். ஆனால் ருசுக்காரர்கள் யாரையும் எதையும் கேட்பதில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

அவள் சொட்டு விட்டுவிட்டுத் தள்ளிப் போனாள். இவர் அடுப்படியிலிருந்து இடுக்கியைக் கொண்டுவந்து, கொதிக்கிற பாத்திரத்தை எடுக்கிற மாதிரி, அந்தச் சில்லைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். தாம் கையாலேயே தொடாத சில்லைத் துடைப்பது எப்படி? துடைக்கவில்லை. தம் வீட்டுத் தண்ணீருக்கு எடுத்த சில்லையோ, வாயால் ஊதி ஊதி, செபஸ்தியம்மாளின் கல்யாணப் பட்டின் முந்தானையால் பத்துத் தடவை துடைத்தார்.

இப்போது வெளிச்சத்துக்கு வருவோம். தம் வீட்டுத் தண்ணீருக்கு வெள்ளை வெளிச்சம், ஒரு பரலோக மந்திரம். கீழத் தெருத் தண்ணீருக்குக் காகித வட்டம், மஞ்சள் கண்ணாடி, ஜெபமாலையில் பத்து மணி. மனசாட்சி உறுத்தியதா என்கிறீர்கள்? எதற்கு உறுத்தும்? அவர் ஏமாற்றவில்லை. நல்ல தண்ணீரில் எதற்காக இருட்டுப் போட்டுத் துழாவ வேண்டும்? சந்தேகப்பட்ட இடத்தில்தானே துழாவ வேண்டும்? திருடனைத் தேடுகிறவன் தன் வீட்டு அறையிலா தேடுவான்? அவர் மனசார நம்பினார். அங்கேதான் ஆபத்து.

படங்கள் வந்தன. இடது பக்கம் மேலத் தெருப் பானை: சலவை வேட்டி மாதிரி வெள்ளை. வலது பக்கம் கீழத் தெருப் பானை: கன்னங்கரேலென்ற இருட்டு, அதற்குள் வெள்ளி வெள்ளியாக வளைந்தும் நெளிந்தும் சுருண்டும் முப்பது நாற்பது புழுக்கள். இரண்டையும் ஒரே சட்டத்தில் மாட்டி வாசலில் வைத்தார். மேலத் தெருப் பெண்கள் வந்து பார்த்து வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு போனார்கள். கோட்டக்குப்பத்திலிருந்து தோல் வாங்க வந்த சாயபு ஒருவர், இதைப் பார்த்துவிட்டு அந்த ஊரில் தண்ணீர் குடிக்காமலே வியாபாரம் முடித்துத் திரும்பினார். நாற்பத்திரண்டு கையெழுத்தோடு மனு போயிற்று: கீழத் தெருவுக்குக் கிணற்றை மூடவேண்டும். திண்டிவனத்திலிருந்து சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து படத்தைப் பார்ப்பார். உண்மை என்று அவர் எழுதினால் முடிந்தது. சவுரியம்மாளின் மருமகள் ஏரிக்கு நடக்க வேண்டியதுதான்.

இன்ஸ்பெக்டர் பேர் கோதண்டபாணி. காலரா ஊசி குத்திக் குத்திக் கை ஓய்ந்தவர். கோயில் பள்ளிக்கூடத்தில் நடுப்பகல் கூட்டம். மேலத் தெரு பெஞ்சியில். கீழத் தெரு சன்னலுக்கு வெளியே வெயிலில். தேவசகாயம் சாமானைத் தூக்கிக்கொண்டு வந்து சன்னலோரம் நிறுத்தி, தம் வீட்டுத் தண்ணீரையும் பித்தளைப் பானையோடு சாட்சிக்குக் கொண்டுவந்திருந்தார். அரை மணி நேரம் பேசினார். இன்ஸ்பெக்டர் மத்தியான ரயிலை நினைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

"அடேயப்பா, பாம்பு மாதிரி இல்ல கீது? சரி, எழுதிடலாம்."

"சார், ஒண்ணு கேக்கலாங்களா?" என்று சன்னலிலிருந்து குரல் வந்தது.

"யாரும்மா நீ?"

"அந்தத் தண்ணி நான் ஊத்தினதுங்க. சவுரியம்மா."

பெஞ்சியில் நாலைந்து பேர் ஒரே சமயத்தில் "ஏய், சும்மா கெட" என்றார்கள். அதிலேயே இன்ஸ்பெக்டருக்கு அவள் பேச்சில் ஆசை வந்துவிட்டது.

"கேளும்மா."

"இந்தப் படம் புடிக்க எம்மா நேரம் ஆச்சின்னு அய்யாவக் கேளுங்க."

தேவசகாயத்துக்குத் தம் வித்தையைப் பற்றிக் கேட்டால் வெல்லம். "வெள்ளை வெளிச்சத்துக்கு ஒரு பரலோக மந்திரம். இருட்டு வெளிச்சத்துக்கு மாலையில பத்து மணி, நிறுத்தி நிதானமா."

"அந்தப் பத்து மணி உருட்டி முடியற நேரமும் புழுவுங்க அசையாமயா இருந்துச்சிங்க?"

"அசைஞ்சா எப்படிப் படம் வுழும்? கலைஞ்சி பூடும். ஒரு புழு கலைஞ்சிருக்குதா பாரு!"

"இல்லீங்க. அதத்தான் நானும் பாத்தேன்." அவள் இன்ஸ்பெக்டரிடம் திரும்பினாள். "எம் மவன் கண்ணாலத்துல படக்காரரு ஒரே மூச்சி அசையாதன்னாரு சார். அதுக்கே அவனுக்கு மூக்கு ரெண்டா வுழுந்து கீது. உசுரோட கீற புழு, பத்து மந்திரம் முடியறமுட்டும் மூச்சடக்கிக்கினு நிக்குதுன்னா, நம்பள விட பக்தியான புழுவா இல்ல கீது!"

சன்னலுக்கு வெளியே சிரிப்பு வெடித்தது. பெஞ்சியிலும் யாரோ ஒருவர் சிரித்துவிட்டு இருமினார். தேவசகாயத்துக்குக் காது சிவந்தது. இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார்.

"இருய்யா. அதென்ன, ஒண்ணுக்கு வெள்ளை, ஒண்ணுக்கு இருட்டு?"

"சுத்தமான தண்ணியில எதுக்குங்க இருட்டுப் போட்டுத் தேடணும்?"

"சுத்தம்னு உமக்கு முன்னாலயே எப்படித் தெரியும்?"

"என்னா சார் இப்படிக் கேக்கறீங்க? அது எங்க வூட்டுப் பானையாச்சே!"

இன்ஸ்பெக்டர் படச் சட்டத்தை ஓரமாகத் தள்ளி வைத்தார். சவுரியம்மாள் விடவில்லை. "சார், அதே பொட்டியிலேர்ந்து ஒரு சில்லு எடுங்க. தொடைக்காதீங்க. சொட்டுத் தண்ணி உடாதீங்க. வெறுஞ்சில்ல வச்சி, அய்யா போட்ட அதே வெளிச்சத்தப் போட்டுப் பாருங்க."

வைத்தார்கள். இன்ஸ்பெக்டர் குனிந்தார். கன்னங்கரேலென்ற இருட்டில் மஞ்சள் மஞ்சளாக வளைந்து நெளிந்து முப்பது புழு.

"தண்ணியே இல்லாத ஊருலயும் புழு இருக்குதய்யா" என்றார். விரலால் சில்லைத் தடவிவிட்டு விரலைத் தூக்கிக் காட்டினார். நுனியில் பெட்டி மெத்தையின் பஞ்சு இழை ஒட்டிக்கொண்டிருந்தது.

அத்தோடு எழுந்திருந்தால் தேவசகாயம் தப்பித்திருப்பார். ஆனால் இன்ஸ்பெக்டருக்கு ரயில் மறந்துபோய் விளையாட்டு வந்துவிட்டது. ஒரு சில்லை நன்றாகத் துடைத்து, மேலத் தெருப் பித்தளைப் பானையிலிருந்து ஒரு சொட்டு விட்டு, அதே இருட்டு வெளிச்சத்தில் வைத்தார். படத்துக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து பத்து நாளாக மூடாமல் கிடந்த தண்ணீர். குனிந்தார். நிமிரவில்லை. அப்புறம் நிமிர்ந்து, "நீரே பாரும்" என்றார்.

தேவசகாயம் பார்த்தார். மஞ்சள் பொடி தூவின மாதிரி என்னென்னவோ ஓடியது, திரும்பியது, ஒன்றின்மேல் ஒன்று இடித்துக்கொண்டு விலகியது. எதுவும் மூச்சடக்கி நிற்கவில்லை. ஜெபத்துக்கும் நிற்கவில்லை. இத்தனை வருஷத்தில் தம் வீட்டுத் தண்ணீரை இந்த வெளிச்சத்தில் அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பின்னால் நாற்பத்திரண்டு கையெழுத்துக்காரர்களும் நிற்கிறார்கள். வேறு ஆளாக இருந்தால் என்ன சொல்லியிருப்பார்? இவர் மடியிலிருந்து ஒரு துண்டுக் கண்ணாடியை எடுத்து நீட்டினார்.

"சார், இந்த நீலத்தப் போட்டுப் பாருங்க. மாதா மேலாடை. இதுல பாத்தா ஒண்ணும் தெரியாது."

இன்ஸ்பெக்டர் தட்டாமல் செருகிப் பார்த்தார்.

"இப்போ நீலமா நீந்துதய்யா" என்றார்.

மனு தள்ளுபடி. இரண்டு பானைக்கும் தண்ணீர் ஒன்றே. இரண்டு தெருவும் எடுக்கலாம். இரண்டு தெருவும் காய்ச்சிக் குடிக்கவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ரயிலுக்கு ஓடினார். அன்றைக்குச் சாயங்காலமே சவுரியம்மாள் கிணற்றடிக்கு வந்தாள். ஞானமேரியைக் குடத்தைத் தொட விடவில்லை. "நீ சும்மா நின்னு பாரு, போதும்" என்று சொல்லிவிட்டு, தானே மூன்று குடம் சேந்தி நிறுத்தினாள். மேலத் தெரு கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. பதினைந்து நாள் ரோஷமாகப் பழைய உப்புக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தார்கள். பதினாறாம் நாள் வந்தார்கள். கிணற்றுக்கு அந்தப் பக்கம் நின்று, தனிக் கயிற்றில் சேந்தினார்கள். கயிறுதான் வேறே. கயிற்றின் நுனி போய் முக்கினது ஒரே தண்ணீரில். ஞானமேரிக்கு ஐப்பசியில் ஆண் பிள்ளை பிறந்தது.

தேவசகாயம் வெட்கப்பட்டு மூலையில் உட்கார்ந்திருப்பார் என்று நினைக்கிறீர்களா? அப்படி நினைத்தால் இந்த இனத்தை இன்னும் நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. ஒரு மாசம் கழித்து விழுப்புரம் ஜங்ஷனில் பழைய சிநேகிதர்களிடம் அவர் பேசினதைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

"நான் மட்டும் அன்னைக்குப் பூதக்கண்ணாடியத் தூக்கிக்கினு போய் ரெண்டு தண்ணியும் ஒண்ணுதான்னு ருசுப்பிக்கலைன்னா, அந்தத் தெருவுக்கு ஏதுய்யா கிணறு? இன்னும் ஏரிக்குத்தான் நடந்துக்கினு இருப்பாங்க. நன்றி கெட்ட ஜனம்."

வெறும் வாய்ப் பேச்சில்லை. இன்ஸ்பெக்டர் எழுதின காகிதத்தின் நகல் அவர் சட்டைப் பையில் இருந்தது.

இதைப் படித்துக்கொண்டு வரும்போதே உங்கள் மனசில் ஒரு முகம் வந்து நின்றிருக்குமே? ஓரகத்தியோ, மைத்துனனோ, எதிர்வீட்டுக்காரரோ. "அப்படியே அவரேதான்" என்று தொடையைத் தட்டியிருப்பீர்கள். எந்தக் கல்யாணத்தில் என்ன சொன்னார், எந்தச் சாவில் யாரைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பினார், எல்லாம் வருஷத்தோடும் மாசத்தோடும் வரிசையாக ஞாபகத்துக்கு வந்திருக்கும். எத்தனை சிரத்தையாகச் சேர்த்து வைத்திருக்கிறீர்கள்! ரொம்ப நல்லது. ஒரே ஒரு எச்சரிக்கை. அவரும் இதைப் படிப்பார். படிக்கும்போது யார் முகம் வந்தது என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள். ருசு வைத்திருப்பார்.